களஞ்சியமும் இரைப்பையும்: செஞ்சி முற்றுகை முதல் சென்னைப் பஞ்சம் வரை பசியின் உடலியல்

ஆய்வுச் சுருக்கம்

போர், பஞ்சம் ஆகியவற்றின் வரலாறு பெரும்பாலும் தானியத்தின் அளவைக் கொண்டே எழுதப்பட்டு வருகிறது. தானியம் தீர்ந்தால் பசி தொடங்கும். தானியம் வந்தால் பசி முடியும் என்பது அவ்வரலாற்றின் அடிப்படைக் கருத்து. இரைப்பையின் செரிமானச் சுரப்பு குறித்த உடலியல் அறிவு இக்கருத்தைத் திருத்துகிறது. நெடுநாள் உணவு பெறாத உடல், உணவைச் செரிக்கும் ஆற்றலையே குறைத்துக்கொள்கிறது. செஞ்சிக் கோட்டையின் களஞ்சியங்கள், 1690–1698 முற்றுகை, 1876–1878 சென்னைப் பஞ்சம், தமிழகத்தின் கஞ்சி வழங்கும் மரபு ஆகியவற்றை இந்த நோக்கில் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: செஞ்சிக் கோட்டை, களஞ்சியம், இரைப்பைச் சாறு, பசி, தாது வருடப் பஞ்சம், கஞ்சித்தொட்டி

முன்னுரை

விழுப்புரம் மாவட்டத்தில் இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்று குன்றுகளையும் அவற்றை இணைக்கும் மதில்களையும் கொண்டு விளங்குவது செஞ்சிக் கோட்டை. 2025-இல் மராட்டியப் படைத்தள நிலக்காட்சிகளின் தொகுப்பில் ஒன்றாக யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னப் பட்டியலில் இது இடம்பெற்றது. அத்தொகுப்பின் பன்னிரண்டு கோட்டைகளுள் தமிழ்நாட்டில் உள்ளது இது ஒன்றே.

கோட்டையைக் காணச் செல்வோர் கல்யாண மகாலையும் இராஜகிரியின் உச்சியையும் நினைவில் கொள்கின்றனர். கோட்டையின் அரசியல் வாழ்வைத் தாங்கி நின்ற களஞ்சியங்கள் அவ்வளவு கவனம் பெறுவதில்லை. இக்களஞ்சியங்கள் எவ்வகைப் பசியைத் தடுத்தன, எவ்வகைப் பசியைத் தடுக்க இயலாதவை என்ற வினாவிலிருந்து இக்கட்டுரை தொடங்குகிறது.

1. செஞ்சியின் உணவுக் காப்பு

இராஜகிரியின் அடிவாரக் கோட்டைக்குள் தடித்த சுவர்களும் வளைந்த கூரையும் கொண்ட பெரிய தானியக் களஞ்சியம் இன்றும் நிற்கிறது. குன்றின் மேலும் களஞ்சியம் உண்டு. கிருஷ்ணகிரியின் மேல் களஞ்சியங்களுடன் எண்ணெய்க் கிணறு, நெய்க் கிணறு என வழங்கும் சேமிப்புக் குழிகளும் உள்ளன. குடிநீருக்குச் சுனைகளும், சக்கரகுளம், செட்டிகுளம் ஆகிய நீர்நிலைகளும் அமைந்துள்ளன. அடிவாரம் எதிரியிடம் வீழ்ந்தாலும் மலைமேல் உள்ளோர் தனித்து நின்று போரைத் தொடரலாம் என்ற எண்ணம் இந்த அமைப்பில் தெளிவாகத் தெரிகிறது. தானியம், கொழுப்பு, நீர் ஆகிய மூன்றும் தனித்தனியே காக்கப்பட்டன.

இதே கோட்டைக்குள் சிறைக்கிணறு எனப்படும் ஓரிடமும் உண்டு. இயற்கையான குடைவுடைய பெரும்பாறையின் மேல் செங்கல் சுவர் எழுப்பப்பட்டுள்ளது. மரண தண்டனை பெற்றோர் அதனுள் தள்ளப்பட்டு, உணவின்றி மடிய விடப்பட்டனர் என்பது வழிவழியாக வழங்கும் செய்தி. அச்செய்தியை அப்படியே வரலாறாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆயினும், உணவைச் சேமிப்பதும் உணவை மறுப்பதும் ஒரே அதிகாரத்தின் இரு முகங்கள் என்பதை ஊரின் நினைவு நன்கு உணர்ந்திருந்தது என்பதற்கு அது சான்றாகும்.

2. முற்றுகையிட்டோரின் பசி

1677-இல் சிவாஜி பீஜப்பூர் ஆட்சியிடமிருந்து செஞ்சியைக் கைப்பற்றி அதன் அரண்களை வலுப்படுத்தினார். 1689-இல் சம்பாஜி கொல்லப்பட்ட பின், அவருடைய தம்பி இராஜாராம் தக்காணத்திலிருந்து தப்பிச் செஞ்சியை அடைந்தார். மராட்டிய அரசின் தலைமையிடமாக அப்போது செஞ்சி மாறியது. 1690-இல் ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் கோட்டையை முற்றுகையிட்டார். அம்முற்றுகை இடைவெளிகளோடு 1698-இன் தொடக்கம் வரை நீடித்தது.

இந்நெடும் முற்றுகையில் உணவுத் தட்டுப்பாடு முதலில் வாட்டியது கோட்டைக்கு உள்ளே இருந்தோரை அன்று, வெளியே சூழ்ந்திருந்தோரையே. 1692-இன் இறுதியில் சாந்தாஜி கோர்படேயும் தனாஜி ஜாதவும் பெரும் குதிரைப்படையுடன் வந்து முகலாயரின் உணவு வழிகளைத் துண்டித்தனர். காஞ்சிபுரத்தின் முகலாய அதிகாரி அலி மர்தான் கான் சிறைப்பட்டார். பாசறையில் தானியம் அருகியது. முற்றுகைப் படையில் இருந்த இளவரசர் காம் பக்ஷ் எதிரியுடன் உறவாடுவதாக ஐயுற்று, அவரை முகலாயத் தளபதிகளே காவலில் வைக்கும் அளவுக்கு உட்பூசல் முற்றியது. 1693-இன் தொடக்கத்தில் முகலாயப் படை முற்றுகையைக் கைவிட்டு வந்தவாசிக்குப் பின்வாங்கியது. தளபதி தல்பத் ராவ் புந்தேலாவின் பணியில் இருந்த பீம்சேன் என்பவர் எழுதிய பாரசீக நினைவுக் குறிப்புகள் இக்காலத்தை அறிய உதவும் முதன்மைச் சான்றுகளுள் ஒன்று. 1943-இல் சி. எஸ். சீனிவாசாச்சாரி எழுதிய செஞ்சி வரலாறு இந்நிகழ்வுகளைத் தொகுத்துரைக்கிறது.

முகலாயர் மீண்டும் வந்தனர். 1698-இல் கோட்டை வீழ்ந்தது, மதிலேறித் தாக்கியதன் விளைவாகும். ஆகவே செஞ்சியின் களஞ்சியங்கள் தம் கடமையைச் செய்தன எனலாம். வெளியே பாசறையில் நிகழ்ந்ததைப் பொதுவாக வரலாற்றாசிரியர்கள் வழங்கல் சிக்கல் என்றே விளக்குகின்றனர்: வழி அடைபட்டது, தானியம் குறைந்தது, படை நகர்ந்தது, தானியம் கிடைத்தது. இவ்விளக்கம் படையை ஒரு களஞ்சியமாகக் கருதுகிறது. களஞ்சியம் காலியாக இருந்தாலும் அதன் சுவர் மெலிவதில்லை. மீண்டும் நிரப்பினால் முன்போலவே தானியத்தை ஏற்கும். மனித உடல் அவ்வாறு இயங்குவதில்லை.

3. தமிழ் மரபில் வயிற்றுத் தீ

பசியைத் தீயாகக் காண்பது தமிழ் மரபின் நெடிய வழக்கம். மணிமேகலைக் காப்பியத்தில் காயசண்டிகை, எவ்வளவு உண்டாலும் தணியாத யானைத்தீ என்னும் பசி நோயால் பன்னிரண்டு ஆண்டுகள் துன்புறுகிறாள். அமுதசுரபியிலிருந்து மணிமேகலை இட்ட உணவு அந்நோயைத் தீர்க்கிறது. அதே காப்பியத்தில் சிறைக்கோட்டம் அறக்கோட்டமாக மாற்றப்படுகிறது. செஞ்சியின் சிறைக்கிணறு பற்றிய கதையை அறிந்தோர்க்கு இம்மாற்றத்தின் பொருள் எளிதில் விளங்கும்.

சித்த மருத்துவம் பித்தத்தை ஐந்தாகப் பகுத்து, உண்டதைச் செரிப்பிக்கும் பணியை அனற்பித்தத்துக்கு உரியதாக்கியது. திருக்குறளின் மருந்து என்னும் அதிகாரம், முன் உண்டது செரித்ததை அறிந்து, பசித்த பின், அளவறிந்து உண்ணுமாறு வலியுறுத்துகிறது. தீயின் அளவுக்கு மிஞ்சி உண்பது நோய் தரும் என்ற எச்சரிக்கையும் அவ்வதிகாரத்தில் உண்டு.

தீ என்னும் உருவகத்தில் இரண்டு நுட்பங்கள் அடங்கியுள்ளன. செரிமானம் வெறும் அரைத்தல் அன்று, பொருளின் தன்மையையே மாற்றும் வினை என்பது ஒன்று. தீக்கு விறகு வேண்டும். விறகின்றேல் தீயும் அவியும் என்பது மற்றொன்று. அவிந்துபோன அடுப்பில் பெரிய கட்டையை வைத்தால் அது பற்றாது. சுள்ளியிட்டு ஊதியே மூட்ட வேண்டும். இவ்விரண்டாம் நுட்பமே இக்கட்டுரைக்கு மிகவும் தேவையானது. அதனை மதிப்பிட, தீயின் இடத்தில் சாற்றைக் கண்ட ஐரோப்பிய, அமெரிக்க ஆய்வுகளை நோக்க வேண்டும்.

4. இரைப்பைச் சாறு: சுரப்பும் கட்டுப்பாடும்

பதினெட்டாம் நூற்றாண்டில் ரியோமரும் ஸ்பல்லன்சானியும் செரிமானம் ஒரு நீர்மத்தின் வினை என்பதைச் சோதனைகளால் காட்டினர். 1824-இல் வில்லியம் புரூட், அந்நீர்மத்தின் அமிலம் ஹைட்ரோகுளோரிக் அமிலமே என நிறுவினார். 1836-இல் தியோடர் ஷ்வான் அதிலுள்ள செரிப்பிக்கும் பொருளுக்குப் பெப்சின் எனப் பெயரிட்டார்.

மனித இரைப்பையை நேரில் கண்டு ஆராய்ந்தவர் அமெரிக்கப் படை மருத்துவர் வில்லியம் போமான்ட். 1822-இல் துப்பாக்கிக் காயமுற்ற அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்பவரின் வயிற்றில் மூடாத துளை ஒன்று நிலைத்துவிட்டது. அதன் வழியே பல ஆண்டுகள் ஆராய்ந்து, 1833-இல் போமான்ட் தம் நூலை வெளியிட்டார். இரைப்பை, களஞ்சியம்போலச் சாற்றைச் சேர்த்து வைப்பதில்லை. உணவு வந்த பின்பே மிகுதியாகச் சுரக்கிறது. காய்ச்சல் முதலிய உடற்கேடுகளில் உட்சவ்வு நிறம் மாறிச் சுரப்புக் குறைகிறது. இவ்விரண்டும் அவர் கண்ட முக்கியச் செய்திகள்.

இன்றைய அறிவின்படி இரைப்பை நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 லிட்டர் சாற்றைச் சுரக்கிறது. அதன் சுவரிலுள்ள பரைட்டல் செல்கள் அமிலத்தையும், வைட்டமின் பி12 உட்கொள்ளப்படுவதற்குத் தேவையான ஒரு காரணியையும் தருகின்றன. முதன்மைச் செல்கள் பெப்சினோஜனைத் தருகின்றன. அமிலச் சூழலில் அது பெப்சினாக மாறிப் புரதத்தைச் சிதைக்கிறது. கோழையும் பைகார்பனேட்டும் கொண்ட படலம் இரைப்பையின் சுவரை அதன் சொந்த அமிலத்திலிருந்து காக்கிறது. அமிலத்துக்கு மற்றொரு பணியும் உண்டு. உணவோடும் நீரோடும் வரும் கிருமிகளுள் பெரும்பகுதியை அது கொன்றுவிடுகிறது.

இச்சுரப்பு மூன்று நிலைகளில் கட்டுப்படுத்தப்படுகிறது. உணவைக் காணுதல், முகர்தல், சுவைத்தல் ஆகியவற்றால் மூளையிலிருந்து வேகஸ் நரம்பின் வழியே வரும் தூண்டல் முதல் நிலை. இதனை நாய்களில் செய்த சோதனைகளால் நிறுவியவர் இவான் பாவ்லோவ். செரிமான உடலியல் ஆய்வுக்காக 1904-இல் அவர் நோபல் பரிசு பெற்றார். உணவு இரைப்பையை அடைந்ததும் அதன் விரிவும் புரதச் சிதைவுப் பொருள்களும் காஸ்ட்ரின் என்னும் ஹார்மோனைத் தூண்டுவது இரண்டாம் நிலை. 1905-இல் ஜான் எட்கின்ஸ் இந்த ஹார்மோனின் இருப்பை எடுத்துரைத்தார். அது ஹிஸ்டமினை வெளியிடச் செய்து, அதன் வழியே அமிலச் சுரப்பைப் பெருக்குகிறது. மூன்றாம் நிலையில், உணவு முன்சிறுகுடலை அடைந்ததும் செக்ரிடின் முதலிய ஹார்மோன்கள் இரைப்பையின் சுரப்பை அடக்குகின்றன. இரைப்பையில் அமிலம் மிகும்போது சொமட்டோஸ்டேட்டின் காஸ்ட்ரினைக் குறைக்கிறது. தூண்டலும் அடக்கலும் ஒன்றையொன்று சமன் செய்யும் அமைப்பு இது.

5. உணவே சுரப்பை வளர்க்கிறது

பசியின் வரலாற்றுக்கு இவ்வமைப்பின் ஒரு கூறு இன்றியமையாதது. காஸ்ட்ரின் அமிலச் சுரப்பைத் தூண்டுவதோடு நிற்பதில்லை. இரைப்பையின் உட்சவ்வு வளர்வதற்கும் அதுவே துணை செய்கிறது. உட்சவ்வின் மேற்பரப்புச் செல்கள் சில நாள்களுக்கு ஒருமுறை உதிர்ந்து புதிதாக உருவாகின்றன. அதற்குப் புரதமும் தூண்டலும் வேண்டும். உணவு நெடுநாள் வாராவிடில் இரண்டும் குறைகின்றன. உட்சவ்வு மெலிகிறது, அமிலமும் செரிமான நொதிகளும் குறைகின்றன. சிறுகுடலின் உறிஞ்சும் பரப்பும் சுருங்குகிறது. கடும் ஊட்டக்குறைவுற்ற குழந்தைகளிடம் இரைப்பை அமிலம் குறைந்திருப்பதை மருத்துவ ஆய்வுகள் உறுதிப்படுத்தியுள்ளன.

இதன் விளைவுகள் இரண்டு. முதலாவது, நெடும்பசிக்குப் பின் திடீரெனக் கிடைக்கும் மிகுதியான உணவு செரிக்காமல் வயிற்றுப்போக்காக வெளியேறுகிறது. செரித்து உடலில் சேரும் பகுதியும் ஆபத்து விளைவிக்கக்கூடும். இரத்தத்திலுள்ள பாஸ்பேட் முதலிய தாதுக்கள் திடீரெனச் செல்களுக்குள் ஈர்க்கப்பட்டு இதயத்தின் இயக்கம் குலையலாம். இரண்டாவது, அமிலம் குறைந்த இரைப்பை கிருமிகளுக்குத் திறந்த வாயிலாகிறது. காலராக் கிருமி அமிலத்தில் எளிதில் மடியக்கூடியது. அமிலம் குன்றியவர்களை அது எளிதில் தாக்குகிறது. பஞ்சமும் காலராவும் இணைந்து வருவதற்கு நீர் மாசு, மக்கள் நெரிசல் ஆகியவற்றோடு இதுவும் ஒரு காரணம்.

செஞ்சிப் பாசறை போன்ற முற்றுகைகளில் பசியின் அளவைப் படையின் நகர்வைக் கொண்டே மதிப்பிட முடிகிறது. பசித்த உடலின் உள்நிலையை மருத்துவர்கள் பதிவு செய்த சான்று தமிழகத்தில் கிடைப்பது, ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளுக்குப் பின் நேர்ந்த தாது வருடப் பஞ்சத்திலிருந்துதான்.

6. 1877: ஒரு இராத்தல் தானியம்

1876–1878 பஞ்சத்தின்போது சென்னை மாகாண அரசு நிவாரணப் பணிகளைத் தொடங்கியது. செலவு மிகுவதைக் கண்ட இந்திய அரசு 1877-இன் தொடக்கத்தில் சர் ரிச்சர்டு டெம்பிளை அனுப்பியது. பணியிடங்களில் உழைக்கும் ஆடவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு இராத்தல், அதாவது ஏறத்தாழ 450 கிராம் தானியமும் ஓரணாவும் போதும் என அவர் வகுத்தார். டெம்பிள் கூலி என இது பெயர் பெற்றது.

மாகாணத்தின் சுகாதார ஆணையர் மருத்துவர் வில்லியம் ராபர்ட் கார்னிஷ் இதனைக் கடுமையாக எதிர்த்தார். உழைக்கும் உடலுக்கு இவ்வளவு போதாது. பருப்பு முதலிய புரத உணவும் வேண்டும். மெலிவு ஓர் எல்லையைக் கடந்தால் பின்னர் உணவிட்டும் பயனில்லை என்பன அவருடைய வாதங்கள். இவ்வாதத்தின் பின்விளைவாக அதே ஆண்டிலேயே கூலி உயர்த்தப்பட்டது. அதற்குள் பலர் மீளாத நிலையை அடைந்திருந்தனர்.

சென்னை நிவாரண முகாமின் மருத்துவமனையில் பணியாற்றிய மருத்துவர் அலெக்சாண்டர் போர்ட்டர், அங்கு மாண்டோரின் உடல்களை ஆராய்ந்து, 1889-இல் அப்பஞ்சத்தின் நோய்கள் பற்றிய நூலை வெளியிட்டார். உடலின் கொழுப்பு கரைந்ததையும் உள்ளுறுப்புகள் எடை இழந்ததையும் குடற்சுவர்கள் மெலிந்திருந்ததையும் அவர் பதிவு செய்தார். முகாமை அடைந்து உணவு பெற்ற பின்னரும் வயிற்றுப்போக்கால் மக்கள் மாண்டனர். காஸ்ட்ரினும் செக்ரிடினும் அறியப்படாத காலம் அது. ஆயினும் செரிக்கும் உறுப்பே பசியால் அழிகிறது என்பது அவ்வுடல்களில் வெளிப்பட்டது.

டெம்பிள் கூலி உடலைக் களஞ்சியமாகக் கணக்கிட்டது. குறைந்த அளவு இடலாம். தேவைப்பட்டால் பின்னர் கூட்டலாம் என்பது அக்கணக்கு. பின்னர் கூட்டும்போது அதனை ஏற்கும் உறுப்பு எஞ்சியிருக்குமா என்ற கேள்வி அதில் இடம்பெறவில்லை. அக்கேள்வியை எழுப்பியதே கார்னிஷின் வாதத்துக்கு இன்றுள்ள மதிப்பு.

7. கஞ்சித்தொட்டியும் தருமசாலையும்

தமிழகத்தின் உணவறம் இக்கேள்விக்குத் தன் நடைமுறையால் விடை தந்திருந்தது. ஐதர் அலியின் படையெடுப்பால் விளைந்த பஞ்சத்தில், 1782-இல் சென்னையில் கஞ்சி வழங்கும் சாவடி ஒன்று தோன்றியது. பின்னர் மணியக்காரர் சத்திரம் எனப் பெயர் பெற்ற அதனையொட்டி வளர்ந்த மருத்துவமனையே இன்றைய ஸ்டான்லி மருத்துவமனை. கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்ற பெயர் மக்கள் வழக்கில் நெடுங்காலம் நிலைத்தது. கஞ்சியும் மருத்துவமும் ஒரே வாயிலில் தொடங்கின என்பதை அப்பெயர் காத்து வைத்துள்ளது.

செஞ்சியும் வடலூரும் முன்னர் ஒரே தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தவை. 1867 மே 23-இல் வள்ளலார் இராமலிங்க அடிகள் வடலூரில் சத்திய தருமசாலையை நிறுவினார். அன்று மூட்டிய அடுப்பு அணையாது காக்கப்பட்டு வருகிறது. ஜீவகாருண்ய ஒழுக்கம் என்னும் உரைநடை நூலில் அவர் பசியின்போது உடலிலும் அறிவிலும் நிகழும் கேடுகளை வரிசையாக விரித்துரைத்தார். பசியைத் தானியக் கணக்காகக் காணாமல், உயிர் ஒடுங்கும் நிகழ்வாகக் கண்டது அந்நூலின் தனிச்சிறப்பு. டெம்பிள் கூலி வகுக்கப்பட்டது இதற்குப் பத்தாண்டுகள் கழித்தே.

நோயுற்றோர்க்கும் பட்டினி கிடந்தோர்க்கும் முதலில் கஞ்சித் தெளிவு, பின்னர் நொய்க்கஞ்சி, அதன் பின் குழைந்த சோறு எனப் படிப்படியாக இடுவது வீட்டு மருத்துவம். நன்கு வெந்து நீர்த்த மாவுப்பொருளுக்கு இரைப்பையின் உழைப்பு மிகுதியாக வேண்டுவதில்லை. சிறிது சிறிதாக வரும் உணவு சுரப்பை மெல்லத் தூண்டி உட்சவ்வைப் புதுப்பிக்கிறது. கடும் ஊட்டக்குறைவுற்ற குழந்தைகளுக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ள சிகிச்சையும் இதே ஒழுங்கையே பின்பற்றுகிறது. 100 மில்லிலிட்டருக்கு 75 கிலோகலோரி மட்டுமே தரும் நீர்த்த பாலுணவைச் சிறிது சிறிதாக, குறுகிய இடைவெளிகளில் ஊட்டித் தொடங்கி, உடல் தேறிய பின்பே செறிவான உணவு தரப்படுகிறது. எனினும் கஞ்சி முதற்படி மட்டுமே. அதிலேயே நிறுத்தினால் புரதக் குறை தொடரும். கார்னிஷ் பருப்பை வற்புறுத்தியது அதனால்தான்.

முடிவுரை

செஞ்சியின் களஞ்சியங்கள் ஆட்சியாளரின் முன்னறிவுக்குச் சான்றுகள். அவை இருந்தமையால் கோட்டைக்குள் இருந்தோர் நெடும் முற்றுகையைத் தாங்கினர். அவ்வசதியற்ற பாசறை, உணவு வழி அடைபட்டதும் நிலைகுலைந்தது. தானியத்தைப் பல்லாண்டுகள் சேமிக்கலாம். செரிக்கும் ஆற்றலைச் சேமிக்க இயலாது. நாள்தோறும் உணவு பெற்றே இரைப்பை தன் சுரப்பையும் சுவரையும் புதுப்பித்துக்கொள்கிறது.

இதிலிருந்து வரலாற்று ஆய்வுக்கு ஒரு நெறி கிடைக்கிறது. முற்றுகைகளையும் பஞ்சங்களையும் ஆராய்வோர் எவ்வளவு தானியம் வந்தது என்பதோடு, எத்தனை நாள் கழித்து வந்தது, எவ்வடிவில் இடப்பட்டது என்பவற்றையும் கேட்க வேண்டும். காலந்தாழ்ந்து வந்த தானியம் கணக்கேட்டில் நிவாரணமாகப் பதிவாகும். பெற்றவரின் வயிற்றில் அது நிவாரணமாகாமல் போயிருக்கலாம். 1877-இன் முகாம்களில் உணவு பெற்றும் மாண்டோர் இவ்வேறுபாட்டுக்குச் சான்று. விறகிட்டுக் காக்காத தீ அவியும் என்ற பழந்தமிழ்க் கருத்து, இரைப்பைச் சாற்றின் உடலியலோடு இவ்விடத்தில் ஒத்துநிற்கிறது. பசி தீர்க்கும் கொள்கைகளை வகுப்போர் முதலில் அளக்க வேண்டியது தானியத்தை மட்டுமன்று, கடந்துபோன நாள்களையும்தான்.